பக்கத்து சீட்டில் யார்?

1991-இல் அத்தானின் பியட் காரில் ஓட்டப் பழகினேன். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’, சட்டைப் பையில் எல்.எல்.ஆர். ஒரு நாள் அத்தானுக்குக் காய்ச்சல். “நானே ஒரு சுற்று போய் வருகிறேன்” என்றேன். அவர் விடவில்லை, மப்ளரைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தெருமுனையில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன். சைக்கிளில் வந்த பால்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் கேட்ட முதல் கேள்வி: “பக்கத்தில் யார் இருந்தது? அவருக்கு லைசென்ஸ் உண்டா?”

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1939-இல் வந்தது. ஆனால் அடிபடும் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் 1946 ஜூலை 1 முதல்தான் கட்டாயமானது. அதற்கு முன் இழப்பீடு கார்க்காரரின் கையிருப்பைப் பொறுத்தது. 1988-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் விதிகளில் மூன்றாவது, பழகுபவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பாலிசியிலும் அந்த விதியையே நிபந்தனையாகச் சேர்த்தார்கள்.

பிறகு, 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில், எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான், அதைக் காரணம் காட்டி அடிபட்டவருக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

1991-இல் அந்தத் தீர்ப்பு இல்லை. அத்தான் இருந்தார். பால்காரருக்குப் பணம் கிடைத்தது.

இப்போது பேத்தி எல்.எல்.ஆர். வாங்கியிருக்கிறாள். “தெருக்கோடி வரைதானே தாத்தா!” என்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.