சக்கரம் யாருக்காகச் சுழன்றது?

நீண்டகாலச் சேமிப்பைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் இன்று கூட்டு வட்டியைச் சேமிப்பாளரின் துணைவனாகவே அறிமுகப்படுத்துகின்றனர். இந்திய வரலாற்றிலோ அது நெடுங்காலம் கடனாளியின் அச்சமாகவே அறியப்பட்டிருந்தது.

வட்டி ஈட்டும் வட்டியைக் கணக்கிடும் முறை இங்குப் பழமையானது. ஏறத்தாழ கி.பி. 499இல் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் அதற்கான விதி உள்ளது. வடமொழியில் அதன் பெயர் 'சக்ரவிருத்தி'. சக்கரமாய்ச் சுழன்று வளர்வது. கணித நூல் விளக்கிய இம்முறையை மனுஸ்மிருதி விலக்கியது. ஒரே தடவையில் பெறும் வட்டி முதலை விஞ்சலாகாது என்றும் வரையறுத்தது. இவ்வரையறை 'தாம்துபத்' என்னும் பெயரில், ஆங்கிலேயர் ஆட்சியிலும் பம்பாய் மாகாண நீதிமன்றங்களில் நிலைத்தது.

விதி இருந்தும் கடன் வளர்ந்தது. நிலுவை வட்டியை முதலோடு சேர்த்துப் புதிய பத்திரம் எழுதினால், நேற்றைய வட்டி இன்றைய முதலாகிவிடும். 1875இல் புனே, அகமதுநகர் மாவட்ட உழவர்கள் வட்டிக்கடைக்காரர்களிடமிருந்த பத்திரங்களைப் பறித்து எரித்தனர். நிலவரி உயர்வும் பருத்தி விலை வீழ்ச்சியும் அச்சினத்திற்குப் பின்புலமாயின. பத்திரத்தில் எழுதிய தொகையோடு நில்லாமல், கடனின் தொடக்கம்வரை சென்று கணக்கை ஆராயும் அதிகாரத்தை 1879ஆம் ஆண்டுத் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் நீதிமன்றங்களுக்கு அளித்தது.

விடுதலைக்குப் பின் அரசே சேமிப்பாளருக்காக இச்சக்கரத்தைச் சுழற்ற முன்வந்தது. 1952இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும், 1968இல் பொது வருங்கால வைப்பு நிதியும் வந்தன. பின்னதன் முதிர்வுக்காலம் 15 ஆண்டுகள். ஆயிரம் ரூபாய், 12 விழுக்காட்டுத் தனி வட்டியில் 15 ஆண்டுகளில் 2,800 ரூபாயாகும், 7.1 விழுக்காட்டுக் கூட்டு வட்டியிலும் ஏறத்தாழ அதே தொகை கிடைக்கும். அதே 12 விழுக்காடு கூட்டு வட்டியாயின் 5,470 ரூபாயைத் தாண்டும். முதல் சில ஆண்டுகளில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. இறுதி ஆண்டுகளிலேயே அது விரியும்.

ஆகவே, கூட்டு வட்டியின் பயன் காத்திருக்க இயன்றவருக்கே உரியது. தக்காண உழவருக்கு அடுத்த அறுவடைவரை காத்திருக்கவும் வழியில்லை. மாதச் சம்பளம் பெறுவோர்க்குப் பிடித்தமே அக்காத்திருப்பை அமைத்துத் தந்தது. நிலையான வருவாயற்ற கோடிக்கணக்கானோர் இன்றும் இச்சக்கரத்தைக் கடன் வழியாகவே அறிகின்றனர். சேமிப்பின் வரலாற்றை ஆராய்வோர் வட்டி வீதத்தோடு, காத்திருக்கும் வசதி யாருக்கு வாய்த்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.