கையில் இருப்பது கட்டளை. வண்டியில் இருப்பது வலிமை

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே உள்ளது சிறுவாச்சூர். அங்குள்ள மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறந்திருக்கும். ஆகவே அவ்விரு நாள்களிலும் கோயில் வாசலில் கூட்டம் மிகுதி. தேங்காய்க் கடை, பூக்கடை, வளையல் கடை ஆகியவற்றின் நடுவே பொம்மைக் கடைகளும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை அங்கே ஒரு பொம்மைக் கடை ஓரம் நின்றிருந்தேன். ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ரிமோட் கார் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த ரிமோட்டுலேருந்துதான் காருக்குக் கரண்டு போகுதா?" என்று கேட்டான். கடைக்காரர், "ஆமா தம்பி, காத்து வழியாப் போகுது" என்றார். சிறுவனின் தந்தை விலையைக் கேட்டார், சற்றுத் தயங்கினார், பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் இருவரும் கூட்டத்தில் கலந்துவிட்டனர்.

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அதே தவற்றைச் செய்தவன் நான். நான்காம் வகுப்புப் படித்தபோது, பருத்தி விற்ற பணத்தில் அப்பா எனக்கு ஒரு மின் கார் வாங்கித் தந்தார். அது கம்பி வைத்த கார். இரண்டு பேட்டரிகளும் என் கையில் இருந்த பெட்டிக்குள் இருந்தன. மின்சாரம் கம்பி வழியாகக் காருக்குச் சென்றது. பக்கத்து வீட்டில் கம்பியில்லாத கார் வந்தது. அதிலும் மின்சாரம் கையிலிருந்துதான் செல்கிறது, கம்பி வீண் என்று எண்ணி, என் காரின் கம்பியை இருபுறமும் கத்தரித்தேன். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கார் அசையவில்லை. அன்று மாலை அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வாசகர்களே, அந்தக் கம்பி உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. ஆற்றலையும் அதுவே கொண்டு சென்றது. 'ஓடு, நில்' என்ற கட்டளையையும் அதுவே கொண்டு சென்றது. இவ்விரண்டையும் பிரிக்கலாம் என்று மனிதன் கண்டுகொண்ட வரலாறே ரிமோட் காரின் வரலாறு.

யானையையும் பாகனையும் நினைத்துப் பாருங்கள். யானையின் காதுக்குப் பின்னால் பாகன் காலால் மெல்ல அழுத்துகிறான். அந்த அழுத்தமா யானையை நகர்த்துகிறது? இல்லை. நகர்த்தும் வலிமை யானை தின்ற தீனியில் இருக்கிறது. பாகன் தருவது குறிப்பு மட்டுமே. ரிமோட் பாகன், கார் யானை.

பொம்மையாகப் பிறந்த மின்வண்டி

முதலில் யானையின் கதையைப் பார்ப்போம். மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓயாமல் சுழலச் செய்யலாம் என்று 1821-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே காட்டினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் டேவன்போர்ட் என்னும் கொல்லர் 1834-இல் ஒரு மின்மோட்டாரைச் செய்தார். அடுத்த ஆண்டு அதைச் சிறு வண்டி ஒன்றில் பொருத்தி, வட்டமான தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். ஆக, தொடக்க கால மின்வண்டிகளில் ஒன்று ஏறத்தாழ ஒரு பொம்மையே!

பெரிய மின்வண்டிகள் பின்னர் வந்தன. 1895-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுவே. தொடக்கத்தில் தரைக்கடியில் அமைந்த கால்வாய் போன்ற குழாயிலிருந்து அது மின்சாரம் பெற்றது. மழைநீர் தேங்கி இடர் விளைவித்ததால், பின்னர் தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். 1953 வரை அந்த டிராம்கள் ஓடின. ஆனால் கம்பியை விட்டு அவற்றால் நகர முடியாது. என் பழைய காரின் நிலையும் அதுதானே?

கம்பியின்றிச் சென்ற குறிப்பு

இனிப் பாகனின் கதை. மின்பொறி ஒன்றிலிருந்து எழும் மின்காந்த அலைகள் வெளியில் பரவுவதை 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஆய்வின் மூலம் மெய்ப்பித்தார். 1890-இல் எடுவார்ட் பிரான்லி என்னும் பிரெஞ்சு அறிஞர், கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் தூள் அருகில் மின்பொறி எழும்போது மின்சாரத்தை நன்கு கடத்துவதைக் கண்டார். தூள் கடத்தத் தொடங்கியதும், அதனோடு இணைந்த வேறொரு பேட்டரியின் மின்சாரம் பாயும். அலை மெலிந்ததுதான், ஆனால் அது திறந்துவிடும் கதவு பெரிது.

சென்னையில் டிராம் தொடங்கிய காலத்தை ஒட்டியே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஒரு பொதுச் செயல்விளக்கம் நடத்தினார். அவர் எழுப்பிய அலைகள் சுவரைக் கடந்து சென்று, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. வெடித்த ஆற்றல் அலையில் இருந்ததா? இல்லை, மருந்தில் இருந்தது. அலை கொண்டு சென்றது 'இப்போது' என்ற ஒரு சொல்லை மட்டுமே.

டெஸ்லாவின் படகு

பாகனையும் யானையையும் ஒன்று சேர்த்தவர் நிக்கோலா டெஸ்லா. 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், நீர்த்தொட்டியில் ஒரு சிறு படகை மிதக்கவிட்டார். மின்கல அடுக்கு, மோட்டார், சுக்கான், விளக்குகள் எல்லாம் படகிலேயே இருந்தன. டெஸ்லாவின் கையில் இருந்தது அலைபரப்பி மட்டும். 64-இன் கனமூலம் என்ன என்று கேட்டால் படகின் விளக்கு நான்கு முறை மின்னும்! பார்த்தவர்களில் சிலர் இது மாயம் என்றும், உள்ளே குரங்கு இருக்கிறது என்றும் நினைத்ததாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு நவம்பரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

நீரில் ஓடியதைத் தரையில் ஓட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ. 1903-இல் 'டெலிகினோ' என்னும் கருவியைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1904-இல் மாட்ரிட் நகரில், மூன்று சக்கர மின்வண்டி ஒன்றை இருபது முப்பது மீட்டர் தொலைவிலிருந்து இயக்கினார். கோயில் வாசலில் விற்கும் காரின் பாட்டன் அதுவே. துடிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வண்டி வெவ்வேறு செயல்களைச் செய்தது. அதாவது, எண்ணிக்கையே மொழியாயிற்று.

அந்த மொழி இன்றும் வழக்கில் இருக்கிறது. மலிவான கார்களில் காணப்படும் ஒரு வகைச் சில்லில், முன்னே செல்ல 10 துடிப்புகள், பின்னே செல்ல 40, இடப்புறம் திரும்ப 58, வலப்புறம் திரும்ப 64 துடிப்புகள் அனுப்பப்படுகின்றன. காரிலுள்ள ஏற்பி அவற்றை எண்ணிப் பார்த்து, உரிய மோட்டாருக்குக் காரின் பேட்டரியை இணைக்கிறது.

யார் சொல்லைக் கேட்பது?

இத்தாலியின் எல்கி நிறுவனம் 1966-இல் ரேடியோ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை எரிபொருளில் ஓடியவை. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 மாதிரியை மின்சாரத்தில் ஓடுமாறு வெளியிட்டது. இத்தகைய கார்கள் பெருகியதும் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது.

பழைய பொம்மைக் கார்கள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. அதில் பொம்மைகளுக்கு வழங்கிய தடங்கள் ஆறே. ஒரே தடத்தில் இயங்கும் இரு கார்களை ஒரே முற்றத்தில் விட்டால், ஒருவனின் ரிமோட் இருவரின் கார்களையும் ஓட்டும். ஒரே கடையில் ஒரே மாதிரிக் கார் வாங்கிய அண்ணன் தம்பி சண்டைகளுக்கு இதுவே காரணம்.

இதற்கான தீர்வின் வித்து, போர்க்காலத்தில் விழுந்தது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942-இல் ஒரு காப்புரிமை பெற்றனர். நீர்மூழ்கிக் குண்டுக்கு அனுப்பும் ரேடியோ கட்டளையை எதிரி குலைக்காதிருக்க, அனுப்புவதும் ஏற்பதும் ஒரே ஒழுங்கில் அதிர்வெண் விட்டு அதிர்வெண் தாவ வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அதிர்வெண்களை அவர்கள் குறிப்பிட்டனர். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் இந்தத் தாவல் முறை உண்டு. ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரை அடையாள எண்ணால் அறிந்துகொள்வதும் உண்டு. நம் நாட்டில் இவ்விரு அலைவரிசைகளிலும் குறைந்த திறன் கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்தன.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 12.5 சென்டிமீட்டர்தான். பழைய ரிமோட்டில் நீண்ட ஏரியல் இருந்ததும், புதிய ரிமோட்டில் அது வெளியே தெரியாததும் ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

யானைக்குத் தீனி

கட்டளைக்கு ஆகும் திறன் மிகச் சிறிது. ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. காரை ஓட்டவோ சில வாட் வேண்டும். எனவே காரில் நல்ல மின்கலம் வேண்டும். ஸ்வீடனின் வால்டெமர் யுங்னர் 1899-இல் உருவாக்கிய நிக்கல்–காட்மியம் மின்கலம் நெடுங்காலம் இக்கார்களை ஓட்டியது. காட்மியம் நச்சு உலோகம். 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம், குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைத் தாங்குகிறது. அதைப் படைத்த மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே ஆற்றல் நசுங்கினாலோ மிகையாக மின்னேற்றினாலோ தீயாகவும் மாறக்கூடும்.

வாங்குமுன் பாருங்கள்

இனி கடைக்குப் போகலாம். வரலாறு கற்பித்த கேள்விகளையே நாம் கேட்க வேண்டும்.

முதலாவது, எந்த அலைவரிசை? வீட்டில் இரு குழந்தைகள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்களையே வாங்குங்கள்.

இரண்டாவது, எவ்வளவு நேரம் ஓடும்? பேட்டரியில் 500 மில்லி ஆம்பியர் மணி என்றிருந்து, மோட்டார் 1,500 மில்லி ஆம்பியர் இழுத்தால், 500-ஐ 1,500-ஆல் வகுக்க மூன்றில் ஒரு மணி, அதாவது 20 நிமிடம். பெட்டியின் மேல் 'ஒரு மணி நேரம்' என்று அச்சிட்டிருந்தால் ஐயப்படுங்கள்.

மூன்றாவது, பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா? பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை மறுபடி மின்னேற்றாதீர்கள்.

நான்காவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா? 2021 சனவரி முதல் நாளிலிருந்து பொம்மைகளுக்கு இது கட்டாயம். மின் பொம்மைகளுக்கான தர எண் ஐ.எஸ். 15644.

ஐந்தாவது, திருகாணிகளைக் கழற்றித் திறக்க முடியுமா? ஆசிரியன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒட்டி மூடிய கார் கெட்டால் குப்பை. திறக்கக்கூடிய கார் கெட்டால் பாடம்.

திறந்தால் மோட்டாரின் முனைகளில் சிறிய மின்தேக்கிகள் பற்றவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மோட்டாரின் தூரிகைகளில் எழும் பொறிகள் ஹெர்ட்ஸின் பொறியைப் போலவே அலைகளை எழுப்பும். அவை கட்டளையைக் குலைக்காமல் அடக்கவே இந்த மின்தேக்கிகள். பழைய மோட்டார் ஒன்றை, மின்தேக்கி இல்லாமல், மத்திய அலை வானொலிப் பெட்டியின் அருகில் ஓட்டுங்கள். கரகர ஒலி கேட்கும்.

சிறுவாச்சூர்ச் சிறுவனின் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை அதே கேள்வியைக் கேட்கும். "காற்று வழியாகப் போகிறது" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். காரின் பேட்டரியை எடுத்துவிட்டு ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். கார் நகராது. "ஏன்?" என்று அந்தக் குழந்தை கேட்கும். அப்போது பாகனின் கதையையும் யானையின் கதையையும் சொல்லுங்கள்.