படிகள் குறைந்த ஏணி: மலேசியக் காற்பந்து லீக்கும் அதன் பணச்சுமையும்



சிகாமட் ஒட்டுக்கடைகளில் சிறிது நேரம் அமர்ந்தால் ஜே.டி.டி. எனப்படும் ஜொகூர் டாருல் தாக்சிம் குழுவின் பேச்சு காதில் விழாமல் போகாது. 2014 தொடங்கி 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் வெற்றியாளராக விளங்கிய குழு அது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆயினும் ஒரு வினா எழுகிறது. உச்சியில் ஒரு குழு இவ்வளவு உயர்ந்து நிற்கும் அதே காலத்தில், அதற்குக் கீழே இருந்த குழுக்கள் ஏன் ஒவ்வொன்றாக மறைந்தன? இதற்கு விடை காண வேண்டுமானால் நம் நாட்டுக் காற்பந்து லீக் எத்தனை முறை கலைத்து அடுக்கப்பட்டது என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்திலிருந்து லீக்கிற்கு

நம் காற்பந்து வரலாறு ஒரு போர்க்கப்பலோடு தொடங்குகிறது. கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டு பிரிட்டனுக்கு அளிக்கப்பட்ட ‘மலாயா’ என்னும் அக்கப்பல் 1921-இல் இங்கு வருகை புரிந்தது. அதன் மாலுமிகள் நன்றிக் கடனாக ஒரு கிண்ணத்தை வழங்கினர். அதுவே மலாயா கிண்ணம். 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது.

அக்காலத்தில் ஆட்டக்காரர்களுக்குக் காற்பந்து தொழில் அன்று. பகலில் வேலை, மாலையில் ஆட்டம் என்பதே நடைமுறை. செலவு குறைவு, ஆகவே கடனும் குறைவு.

1989-இல் இரண்டு பிரிவுகள் கொண்ட பகுதிநேரத் தொழில்முறை லீக் தோன்றியது. 1991-இல் ஜொகூர் மாநிலக் குழு லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்று சாதனை படைத்தது. 1994-இல் லீக் முழுநேரத் தொழில்முறைக்கு மாறியது. ஆட்டக்காரரின் சம்பளம் மாதந்தோறும் கட்ட வேண்டிய கடமையானது அப்போதுதான்.

பணத்தகராறு ஓர் அணியை எப்படி இடம்பெயரச் செய்யும் என்பதற்கும் அதே ஆண்டு சான்றாயிற்று. 1994-இல் சிங்கப்பூர்க் குழு லீக்கையும் கிண்ணத்தையும் வென்றது. ஆனால், நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கைத் தொடர்ந்து அக்குழு விலகிக்கொண்டது. 1996-இல் சிங்கப்பூர் தனக்கென எஸ். லீக்கைத் தொடங்கியது. பின்னர் 2012-இல் ‘லயன்ஸ் XII’ என்னும் பெயரில் திரும்பி வந்து, 2013-இல் சூப்பர் லீக்கை வென்று, 2015-ஆம் ஆண்டுப் பருவத்தோடு மீண்டும் வெளியேறியது.

ஒருமுகப்படுத்திய ஜொகூர்

2004-இல் சூப்பர் லீக் 8 குழுக்களோடு தொடங்கியது. அதற்கு அடுத்த படியாகப் பிரிமியர் லீக் அமைந்தது. முதல் சூப்பர் லீக் வெற்றியாளர் பகாங். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் மீண்டும் வருவோம்.

அக்காலத்தில் ஜொகூர் மாநிலத்தில் மட்டும் பல குழுக்கள் இயங்கின. மாநிலச் சங்கத்தின் குழு, மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் ஜொகூர் எஃப்.சி., ஜொகூர் பாரு மாநகர் மன்றக் குழு, மூவார் நகராட்சி மன்றக் குழு ஆகியன அவற்றுள் அடங்கும். சிகாமட் வாசிகளுக்கு அருகிலிருந்த குழு மூவார்தான்.

2013-இல் துங்கு இஸ்மாயிலின் தலைமையில் ஜொகூர் காற்பந்து ஒருமுகப்படுத்தப்பட்டது. ஜே.டி.டி. பிறந்தது, மூவார் போன்ற மன்றக் குழுக்கள் களத்திலிருந்து அகன்றன. சிதறிக் கிடந்த பணமும் ஆற்றலும் ஓரிடத்தில் குவிந்தன. அதன் பயனாக 2015-இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. கிண்ணம் ஜொகூருக்கு வந்தது. 2020-இல் சுல்தான் இப்ராஹிம் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. பயன் பெரிது, மறுப்பதற்கில்லை. எனினும் வட ஜொகூர் இளைஞனுக்கு வீட்டருகே இருந்த ஒரு படி இல்லாமற் போயிற்று.

கடல் கடந்த ஒப்புமை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் வட்டார வாரியாகக் கூட்டணி அமைத்து ஒன்றோடொன்று மோதுவது நூறாண்டு வழக்கம். பசிபிக் கரையோரப் பல்கலைக்கழகங்களின் கூட்டணி 1915-இல் வேர்விட்டது. பிற்காலத்தில் அது ‘பேக்-12’ எனப்பட்டது. ‘பிக் டென்’ என்னும் மற்றொரு கூட்டணி 2022-இல் ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி ஒப்பந்தத்தை அறிவித்தது. அந்தப் பணத்தின் ஈர்ப்பில் ஒவ்வொன்றாய்ப் பல்கலைக்கழகங்கள் நகர்ந்தன. 2024-இல் 10 பல்கலைக்கழகங்கள் ‘பேக்-12’ கூட்டணியைவிட்டு வெளியேற, ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டுமே எஞ்சின.

விளைவு என்ன? லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் லீக் ஆட்டத்திற்காக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்து நியூ ஜெர்சிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. பணம் ஈட்டும் அமெரிக்கக் காற்பந்துக்காகச் செய்த மாற்றம், வருமானமில்லாத கைப்பந்து போன்றவற்றின் மீதும் பயணச் செலவாக விழுந்தது. போதாக்குறைக்கு, 2025 ஜூனில் ஏற்கப்பட்ட வழக்குத் தீர்வின்படி, 2025-26 கல்வியாண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்டக்காரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். வலியவர் கொடுப்பர்; மெலியவர் எதை விற்றுக் கொடுப்பர்?

பல்கலைக்கழகக் குழுவும் நம்மவர் குழுவும்

நம் நாட்டிலும் ஒரு பல்கலைக்கழகக் குழு இந்த ஏணியில் ஏறிப் பார்த்தது. சிகாமட்டில் கிளை வளாகம் கொண்டிருக்கும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யூ.ஐ.டி.எம். எஃப்.சி. 2020-இல் சூப்பர் லீக்கில் கால் பதித்தது. படித்துக்கொண்டே உயர்மட்ட ஆட்டத்தில் விளையாடலாம் என்ற நம்பிக்கையை அது விதைத்தது. 2021-இல் தரமிறங்கியது, 2022-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது, 2023-ஆம் ஆண்டுச் சூப்பர் லீக் பட்டியலில் அதன் பெயர் இல்லை.

நம் சமுதாயத்தின் கதையும் இதனையொத்ததே. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமாகிய மிஃபாவின் குழு 2017-இல் பிரிமியர் லீக்கில் நுழைந்தது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயருடன் சூப்பர் லீக்கிலேயே ஆடியது. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவருமின்றி உள்நாட்டவரை மட்டுமே கொண்டு களம் கண்டது. 2022-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகியது. தமிழ்ப்பள்ளித் திடலில் பந்தை உதைக்கும் சிறுவனுக்கு, “உன்னைப் போன்றோர் அங்கே ஆடுகிறார்கள்” என்று சுட்டிக்காட்ட இருந்த குழு அவ்வாறு மறைந்தது.

ஒற்றைப் படி

2018-இல் டெலிகோம் மலேசியாவுடன் எட்டாண்டுகளுக்கு 48 கோடி ரிங்கிட் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இனிப் பணக்கவலை தீர்ந்தது என்று பலர் எண்ணினர். அடுத்த ஆண்டே அது முறிந்தது. வராத பணத்தை நம்பிப் போட்ட கணக்கு எப்படி நேராகும்?

2022-ஆம் ஆண்டோடு பிரிமியர் லீக் கலைக்கப்பட்டது. ஒரே சூப்பர் லீக்கில் 18 குழுக்கள் என்பது திட்டம். 2023-இல் களமிறங்கியவை 14 மட்டுமே. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகியவற்றுக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2025-இல் கெடாவுக்கு உரிமம் மறுக்கப்பட்டது, பேராக் விலகியது. ஸ்ரீ பகாங்கும் விலகியது. ஆம், 2004-இன் முதல் சூப்பர் லீக் வெற்றியாளரான அதே பகாங்தான்! விலகுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2025 ஏப்ரலில், அக்குழு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜே.டி.டி.யை எதிர்த்து ஆடியிருந்தது என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

காலியான இடங்களைக் குடிநுழைவுத் துறையின் குழு, மலாக்கா எஃப்.சி., புருணையின் டி.பி.எம்.எம். ஆகியவை நிரப்பின. கீழ்மட்டத்தில் ஏ1 பகுதிநேரத் தொழில்முறை லீக் இயங்குகிறது. ஆனால், முழுநேரத் தொழிலாக ஆடக்கூடிய இரண்டாம் பிரிவு திரும்பவில்லை.

வரலாறு புகட்டும் பாடம்

ஒவ்வொரு சீரமைப்பும் தரத்தை உயர்த்துவதற்காகவே எனக் கூறப்பட்டது. தரம் உயர்ந்ததும் உண்மை. ஆனால், ஒவ்வொரு முறையும் செலவு முதலில் உயர்ந்தது. வருமானம் பின்னால் வரும் என்று நம்பப்பட்டது. வராதபோது சம்பள பாக்கி. பாக்கி முற்றியபோது உரிம மறுப்பு. “விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்” என்று நம் முன்னோர் சொன்னது காற்பந்துக் குழுவுக்கும் பொருந்தும்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் விளையாட்டு ஆர்வத்திற்கு அணை போடாதீர்கள். அதே வேளையில், குழு கலைந்தாலும் கையில் நிற்கும் கல்வியைக் கைவிடவும் விடாதீர்கள். ஆட்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேல்படியைத் தங்கத்தால் இழைப்பது நன்று. ஆனால் இடைப்படிகள் இல்லாத ஏணியில் எந்தச் சிறுவன் ஏற முடியும்? மாவட்ட அளவில் ஒரு லீக்கும், சம்பளம் தவறாத சிறு குழுக்களும் இருந்தால் போதும்; சிகாமட்டிலிருந்தும் ஒருவன் ஏறி வருவான்.

உங்கள் வட்டாரத்தில் மறைந்துபோன குழுக்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அந்த நினைவுகளும் வரலாறே.