அணியத்தில் தொங்கும் அளவுகோல்

பனிக்கடலில் போகும் கப்பலின் உச்சியில் சுழலும் ரேடாருக்குப் பல மைல் தள்ளி மிதக்கும் பனிமலை தெரியும். ஆனால் அணியத்துக்கு நேர்முன்னே கிடக்கும் பனித்தளம் அரை மீட்டர் தடிமனா, மூன்று மீட்டரா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. சாய்வாகப் போய் விழும் அதன் மூன்று சென்டிமீட்டர் அலை, உப்புப் பனிக்குள் ஆழமாக இறங்குவதில்லை. மாலுமிக்கு வேண்டியதோ அந்த ஒரு விவரம்தான். உடைத்துக்கொண்டு போவதா, சுற்றிக்கொண்டு போவதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய வழி துளை போட்டுப் பார்ப்பது. 1893இல் ஃப்ராம் கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் சிக்கவைத்து அதன் போக்கிலேயே மிதந்து போன துருவப் பயணி நான்செனின் குழுவினர் அப்படித்தான் அளந்தார்கள். நின்ற கப்பலுக்கு அது போதும். ஓடும் கப்பலுக்கு உதவாது.

பனியை வானொலி அலை துளைத்துப் போகும் என்பதை ஜெர்மானியரான வால்டர் ஸ்டெர்ன் 1920களின் இறுதியிலேயே ஆல்ப்ஸ் பனியாறுகளில் சோதித்து எழுதிவைத்தார். அது அத்தோடு மறந்துபோனது. உலகம் அதை மறுபடி கண்டுகொண்டது ஒரு கருவியின் தவறால். விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் ரேடார் உயரமானிகள், தடித்த பனியின் மேல் பறக்கும்போது பொய் சொல்லின. அலை பனியின் மேற்பரப்பில் நிற்காமல் அடிப்பாறை வரை போய்த் திரும்பியதால், இல்லாத உயரத்தைக் கருவி காட்டியது. விமானிக்கு இது எமன். அமெரிக்க ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவில் இருந்த அமோரி வெயிட்டுக்கோ இது புதையல். 1934 குளிர்காலத்தில் அன்டார்டிகாவின் தனிக் குடிலில் அடுப்பின் நச்சுப்புகையால் நலிந்து கிடந்த துருவப் பயணி ரிச்சர்ட் பேர்டைத் தேடிப்போன மூவரில் ஒருவர் இவர். 1957இல் அதே வகை உயரமானி ஒன்றைக் கொண்டு பனியின் தடிமனை அளந்து காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் ஸ்டான்லி எவன்ஸ் இதற்கென்றே 35 மெகாஹெர்ட்ஸில் ஒரு கருவி செய்தார். அன்டார்டிகாவின் கிலோமீட்டர் கணக்கான பனிக்கு அடியில் மலைகளும் ஏரிகளும் இருப்பது தெரியவந்தது.

நான்கு கிலோமீட்டரை ஊடுருவிப் பார்த்த ரேடாருக்கு இரண்டு மீட்டர் கடற்பனி எம்மாத்திரம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அங்கேதான் அது மண்ணைக் கவ்வியது.

நிலத்துப் பனி விழுந்த பனி, நன்னீர். கடற்பனி உறைந்த கடல். உறையும்போது நீர் உப்பை வெளியே தள்ளினாலும் முழுதும் தள்ளிவிடுவதில்லை. மிஞ்சியது உப்புக்குழம்பாகச் சிறு சிறு பைகளில் சிக்கிக்கொள்கிறது. அந்தக் குழம்பு மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் பொருள் வானொலி அலையை விழுங்கும். பனியின் அடிப்பகுதியோ உப்புநீர் ஊறிய சொதசொதப்பான அடுக்கு. கூர்மையான எதிரொலி தர அங்கே திடமான விளிம்பு கிடையாது. இது போதாதென்று நேரக்கணக்கு வேறு. ஒரு மீட்டர் கடற்பனிக்குள் போய்த் திரும்ப அலைக்குச் சுமார் 13 நானோவினாடி போதும். நிலத்துப் பனிக்கென்று செய்த ரேடார்களின் ஒரு துடிப்பே சில நூறு நானோவினாடி நீளும். துடிப்பை அனுப்பி முடிப்பதற்குள் எதிரொலி வந்து போயிருக்கும்.

இதற்கு விடை தேடும் அவசரத்தை உண்டாக்கியது எண்ணெய். 1968இல் அலாஸ்காவின் ப்ரூடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்தது. அதைக் கப்பலில் கொண்டுவர முடியுமா என்று பார்க்க, மறு ஆண்டே மன்ஹாட்டன் என்ற ராட்சத எண்ணெய்க் கப்பலுக்குப் பனி உடைக்கும் மூக்கு பொருத்தி வடமேற்குப் பாதை வழியே அனுப்பினார்கள். பலமுறை சிக்கி, கனடாவின் பனி உடைப்புக் கப்பல் கைகொடுத்ததால் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது ஏற்றி வந்த எண்ணெய், அடையாளத்துக்காக ஒரே ஒரு பீப்பாய். கடைசியில் குழாய்தான் போட்டார்கள். ஆனாலும் பனிமேல் லாரி ஓட்டவும் விமானம் இறக்கவும் தடிமன் தெரிந்தாக வேண்டியிருந்தது.

1970இல் அமெரிக்காவில் ரெக்ஸ் மோரியும் ஆர்ட் டிரேக்கும் தொடங்கிய ஜிஎஸ்எஸ்ஐ நிறுவனம், சில நானோவினாடி மட்டுமே நீளும் துடிப்பை மண்ணுக்குள் அனுப்பும் ரேடாரை விற்கத் தொடங்கியது. அதைக் கடற்பனிமேல் கொண்டுபோனபோது அடிப்பக்க எதிரொலி கிடைத்தது. கூடவே ஒரு விந்தையும் வந்தது: ஆன்டெனாவை நின்ற இடத்திலேயே திருப்பினால் எதிரொலி மறைந்துபோனது! 1974இல் கேம்ப்பெல், ஆரஞ்ச் என்ற இருவர் இதை எழுதினார்கள். ப்ரூடோவுக்கு அருகே நார்வால் தீவைச் சுற்றி ஆஸ்டின் கோவாக்ஸும் மோரியும் இதன் காரணத்தைப் பிடித்தார்கள். கடற்பனியின் படிகங்கள், செங்குத்தாக நிறுத்திய சீட்டுக்கட்டைப் போலத் தகடு தகடாக வளர்கின்றன. தகடுகளுக்கு நடுவே உப்புக்குழம்பு. அடியில் ஓடும் நீரோட்டத்துக்கு ஏற்ப அவை எல்லாம் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. அலையின் மின்புலம் தகடுகளின் வாக்கில் அமைந்தால் குழம்பு விழுங்கிவிடும்; குறுக்கே அமைந்தால் அலை தப்பித்துத் திரும்பும். தடிமனை அளக்கப் போனவர்களுக்குப் பனியடி நீரோட்டத்தின் திசை கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் அழகான பக்கம் இதுதான். ஆனால் ஓடும் கப்பலில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வழி பிறந்தது வேறு பக்கத்திலிருந்து. அலை பனியைத் துளைத்து எதிரொலி தர வேண்டும் என்ற பிடிவாதத்தையே விட்டார்கள். கனடாவின் ஜியோனிக்ஸ் நிறுவனம் மண்ணின் உப்பையும் நிலத்தடி நீரையும் ஆராய விற்றுவந்த ஈஎம்31 என்ற கருவி, 3.66 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுருள்களைக் கொண்ட நீண்ட குழாய். ஒரு சுருள் 9.8 கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலத்தை எழுப்பும். அவ்வளவு தாழ்ந்த அலைவரிசைக்குக் கடற்பனி இருப்பதே தெரியாது. கடல்நீர் பனியைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவதால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இரண்டாவது சுருள் வாங்கும். அதன் வலிமையிலிருந்து கருவிக்கும் நீருக்கும் உள்ள தொலைவு வரும். கூடவே பொருத்திய லேசர், கருவிக்கும் பனியின் மேற்பரப்புக்கும் உள்ள தொலைவைச் சொல்லும். கழித்தால் தடிமன், மேலே படிந்த வெண்பனியையும் சேர்த்து. ரேடாரைத் தோற்கடித்த அதே உப்பு இங்கே வேலையாளாகிவிட்டது. இதை ரேடார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கறாராகப் பார்த்தால் அது தப்பு.

1980களில் கோவாக்ஸ் உள்ளிட்டோர் பனிமேலும் ஹெலிகாப்டரிலும் சோதித்த இந்த முறையைக் கப்பலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கிறிஸ்டியான் ஹாஸ். கப்பலே ஒரு பெரிய இரும்புக் கடத்தி என்பதால் கருவியை அதன் அருகில் வைக்க முடியாது. அணியத்துக்கு வெளியே நீட்டிய கம்பத்திலிருந்து பனிக்குச் சில மீட்டர் மேலே தொங்கவிட வேண்டும். போலார்ஸ்டெர்ன் ஆய்வுக் கப்பலில் அப்படித் தொங்கவிட்டு, பெல்லிங்ஸ்ஹாசன், அமுண்ட்சென் கடல்களின் கோடைப் பனியை அளந்த முடிவை அவர் 1998இல் வெளியிட்டார். ஜப்பானின் ஷிராசே கப்பலும் இதே வழிக்கு வந்தது.

சமதளப் பனியில் இது சுமார் 10 சென்டிமீட்டர் துல்லியம் தரும். பனிப்பாளங்கள் மோதிக் குவிந்த மேடுகளில் பாதியளவுகூடக் குறைத்துக் காட்டும். அதைவிடப் பெரிய குறை கருவியுடையது அல்ல, மாலுமியுடையது. எந்த மாலுமியும் மெல்லிய பனியைத் தேடித்தான் கப்பலை விடுவார். ஆகவே கப்பல் அளந்த சராசரி, கடலின் சராசரியைவிடக் குறையவே வாய்ப்பு அதிகம்.

ரேடார் இதற்குள் விண்வெளிக்குப் போய்விட்டது. கடற்பனியை அளக்கச் செய்த முதல் கிரையோசாட் செயற்கைக்கோள் 2005இல் ஏவுதல் தோற்று, தான் அளக்க வேண்டிய ஆர்க்டிக் கடலிலேயே விழுந்தது. இரண்டாவது 2010இல் ஏறியது. அதன் ரேடார் அலை மேலே படிந்த வெண்பனியைக் கடந்து பனிக்கட்டியில்தான் பட்டுத் திரும்புகிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, 2019-20இல் போலார்ஸ்டெர்ன் பனியோடு உறைந்து மிதந்தபோது பக்கத்துப் பனித்தளத்தில் ரேடாரை நிறுத்திப் பார்த்தார்கள்.

இத்தனை கருவிகள் வந்த பின்னும், அன்டார்டிகக் கடற்பனியின் சராசரித் தடிமன் 0.87 மீட்டர் என்று ஆய்வுகளில் அடிக்கடி வரும் எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 81 கப்பல் பயணங்களில், மாலுமித் தளத்தில் நின்றவர்கள் கப்பல் புரட்டிப்போட்ட பனித்துண்டுகளைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிய 23,000க்கும் மேற்பட்ட குறிப்புகள்தான் அதற்குப் பெரும் ஆதாரம்.