இல்லை என்பதும் ஒரு செய்தி

எங்கள் தலைமுறைக்குத் தந்தி என்றாலே அடிவயிறு கலங்கும். தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டதும், யார் வீட்டில் என்ன துக்கமோ என்று திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அதே தந்தி உயிர் காத்த கதையும் உண்டு. அதில் நம் புதுச்சேரிக்காரர்கள் பிழைக்கப் போன சைகோனுக்கும் பங்கிருக்கிறது.

1925-இல் சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் ஒரு சுகாதார அலுவலகம் திறந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளை பண உதவி செய்தது. சிங்கப்பூர்த் துறைமுகச் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கில்பர்ட் புரூக் அதன் முதல் தலைவர். கிழக்கத்தியத் துறைமுகங்கள், தங்கள் ஊரில் பிளேக், வாந்திபேதி, பெரியம்மை எத்தனை பேருக்கு என்று வாராவாரம் அங்கே தந்தியடிக்கும். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் சுருக்கமான சங்கேத மொழி. வந்ததையெல்லாம் தொகுத்துக் கொடுக்க, சைகோன் கம்பியில்லாத் தந்தி நிலையம் அதை ஒலிபரப்பும்.

இதனால் என்ன லாபம்? அந்நாளில் கடிதம் கப்பலில்தான் போகும். நோயும் அதே கப்பலில்தான் போகும். இரண்டும் சேர்ந்தே கரை இறங்கும். தந்தி மட்டும் முந்திக்கொள்ளும். கப்பல் வருமுன்பே துறைமுக டாக்டர் தயாராகிவிடலாம். நோயில்லாத ஊரிலிருந்து வரும் கப்பலை வீணாக நிறுத்திவைக்கவும் வேண்டாம். 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் இந்த வேலை நின்றது. போருக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றது.

இனி என் கதை. 1974-இல், பெரியம்மை ஒழிப்பு மும்முரமாக நடந்தபோது, நான் புதுக் குமாஸ்தா. வாராந்திரக் கணக்கை அனுப்புவது என் வேலை. ஒரு வாரம் ஒரு நோயாளியும் இல்லை. ஒன்றுமில்லாததற்கு எதற்குத் தந்திச் செலவு என்று சும்மா இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் மேலிடத்திலிருந்து டிரங்க் கால். என்னவோ ஏதோவென்று ஒரு தடுப்பூசிக் குழுவை வேறு ஊரிலிருந்து திருப்பி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நீ எழுதலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தமா? பார்க்க வேண்டியவன் தூங்கிட்டான்னும் அர்த்தம் இருக்கே!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னதுதான்: படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, ஒன்றுமில்லை என்றால் 'நேஆன்' என்று எழுது. 'நேஆன்' என்றால் 'இல்லை'. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் ஒரு வாரமும் தவறவிடவில்லை.

இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975 மே மாதம். நோய் ஒழிந்தது என்று 1977 ஏப்ரலில்தான் சான்று தந்தார்கள். இடைப்பட்ட இரண்டு வருஷமும் ஊர் ஊராகத் தேடிப் பார்த்து எழுதிய 'இல்லை'களைச் சேர்த்துத்தான் அந்தச் சான்று. அவற்றில் சில என் கையெழுத்தில் போனவை.