ஆறாம் ஆண்டுக்கு அப்பால்: தோட்டப்புறப் பிள்ளைகளும் கல்வி அறநிலையங்களும்



சுங்கை பெசாரிலிருந்து சிகிஞ்சான், தஞ்சோங் காராங் வழியாகக் கோலசிலாங்கூருக்குச் செல்லும் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளிதான். இதைப் பார்த்துச் செல்லும் வெளியூரார், இங்குத் தமிழர் எங்கே இருக்கின்றனர் என்று கேட்பதுண்டு. சாலையை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, கோல்பீல்ட்ஸ், தென்னமரம் என்று தோட்டங்களின் பெயர்களைச் சொன்னால் போதும். இந்த வட்டாரத்தில் பிறந்த எவருக்கும் ஓர் உறவினர் முகமாவது நினைவுக்கு வரும்.

தென்னமரம் தோட்டத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள அத்தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் ஹென்றி போகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அவரே பின்னர் மலாயா வாழ்க்கையைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசையும் பெற்றார். அந்நாவலில் தமிழ்த் தொழிலாளரும் வருகின்றனர். ஆனால் அத்தொழிலாளரின் பிள்ளைகள் எங்கே படித்தனர், எதுவரை படித்தனர் என்பதை அறிய நாவல்கள் உதவா. அதற்குச் சட்டப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் பிறப்புக்கு இச்சட்டமே காரணம். தோட்டத் துரைமார்கள் கல்வியின்மேல் கொண்ட பற்றினால் கட்டியவை என்று எண்ணிவிடலாகாது. சட்டம் பள்ளி வேண்டும் என்றதே தவிர, எப்படிப்பட்ட பள்ளி என்பதில் கண்டிப்புக் காட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். ஒரு கொட்டகை வகுப்பறையானது. எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிட்டால் புல்வெட்டவோ, தாய்க்கு உதவியாகப் பால்மரக் காட்டில் மங்கு துடைக்கவோ போய்விடும். கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை, சற்று வளர்ந்தால் தோட்டப் பள்ளி, அதற்கு மேல் பிரட்டுக் களம் என்பதே அன்றைய வாழ்க்கைப் பாதை. தோட்டத்திற்குத் தேவை தொழிலாளி. அந்தத் தொழிலாளி அடுத்த தலைமுறையிலும் தோட்டத்திலேயே கிடைத்துவிட வேண்டும் என்பதற்கு ஏற்றாற்போல் அந்தக் கல்வி அமைந்திருந்தது.

இதைத் தொழிலாளர் உணராமல் இருந்தார்களா? இல்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர் முழுவதும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நம்மில் பலர் சம்பள உயர்வுப் போராட்டமாக மட்டுமே அறிந்திருக்கிறோம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் சார்பில், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முதலானோர் முன்வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் உண்மை விளங்கும். துரைக்கு முன்னால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை நிற்க வேண்டும் என்பவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு இறுதியிலேயே ஜப்பானியர் வந்திறங்கினர். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கோரிக்கை அப்படியே புழுதியில் கிடந்தது.

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. இந்த எண்ணிக்கைக் குறைவைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆயினும் அதற்குள் மறைந்திருக்கும் வேறொரு சிக்கலை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்நாட்டின் கல்வி அமைப்பில் தமிழ்வழி இடைநிலைப்பள்ளிக்கு இடம் கிடைத்ததே இல்லை. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளிக் கதவு மூடிக்கொள்கிறது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு இது உறுதியாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர் தேசிய மொழியில் தேர்ச்சி பெறுவதற்காக ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் மனம் உடைந்து படிப்பை விட்டனர் என்பதைப் பழைய ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். பட்டணத்து இடைநிலைப்பள்ளி வெகு தூரம். தோட்டத்திலிருந்து முதன்மைச் சாலைக்கு வரவே செம்மண் பாதையில் நடக்க வேண்டும். பேருந்துக்குச் சில்லறை வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் புரியாத மொழி. பெற்றோரோ அதே காலை நேரத்தில் பால்மரக் காட்டில் இருப்பார்கள். பிள்ளை பள்ளிக்குப் போனானா, பேருந்து நிலையத்திலேயே நின்றுவிட்டானா என்று பார்க்க ஆள் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் வந்தவர்கள் செல்வந்தர்கள் அல்லர்; தொழிலாளர்களே. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956இல் அங்கு இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பினார். தமிழ் நூலகத்திற்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தம் பிள்ளைகள் ஒருபோதும் மிதிக்க மாட்டார்கள் என்று எண்ணியிருந்த பல்கலைக்கழகத்திற்குத் தோட்டத் தொழிலாளரும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். இன்று கோலாலம்பூரில் அத்துறையில் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அடுத்தது 1960. ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம். தோட்டம் துண்டாடப்பட்டால் வேலை போகும், வீடு போகும், கோயில் போகும், பள்ளியும் போகும். துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த ஆபத்தைத் தடுக்கவே. ஒரு பங்கு நூறு வெள்ளி; அதைப் பத்துப் பத்து வெள்ளியாகவும் செலுத்தலாம். தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் அவர் பங்கு சேர்த்தார். அவ்வாறு திரண்ட பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது; பின்னாளில் உறுப்பினர்களின் பிள்ளைகளுடைய மேற்படிப்புக்கும் உதவியது. இதை அறக்கொடை என்பதா, உழைத்தவர் தம் பிள்ளைகளுக்குச் சேர்த்த சேமிப்பு என்பதா? பின்னதே சரி என்பது என் கருத்து. கையேந்தி வாங்கிய உதவி அல்ல அது.

ஆயினும் எல்லாத் தோட்டத்தையும் வாங்கிவிட முடியவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஏறத்தாழ 60,000 பேர் தமிழகத்திற்குத் திரும்பினர். அவர்களோடு போன பிள்ளைகளின் படிப்பு இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போன கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று.

1970ஆம் ஆண்டில் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு தேசிய மொழிக்கு மாறத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறிய அம்மாற்றம் 1982இல் ஆறாம் படிவத்தை எட்டியது. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் காலத்தில் பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி பகிரப்பட்டன. நம் மாணவருக்குக் கிடைக்கும் இடங்கள் குறைவு. அக்குறைந்த இடத்திற்கும் பட்டணத்தில் தனிப்பயிற்சி பெற்ற பிள்ளைகளோடு தோட்டத்துப் பிள்ளை போட்டியிட வேண்டும். ஒரு பாடத்தில் ஒரு படி தவறினாலும் வாய்ப்புக் கைநழுவியது.

இச்சூழலில்தான் 1979இல் கல்வி, சமூகநலம், ஆய்வு ஆகிய மூன்றையும் பெயரிலேயே கொண்ட அறவாரியம் தோன்றியது. இ.டபிள்யூ.ஆர்.எப். என்றால் ஆசிரியர்கள் அறிவார்கள். அதையடுத்து 1982ஆம் ஆண்டு அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா அவர்கள் ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். 1984இல் ம.இ.கா. வழியாக எம்.ஐ.இ.டி. வந்தது, அது கல்விக் கடன் வழங்கும் பணியைக் கையில் எடுத்தது.

இவற்றுள் ஸ்ரீ முருகன் நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் சிறப்பு பணத்தில் இல்லை. ஆள் கிடைத்த முறையில் இருக்கிறது. தனிப்பயிற்சிக்கு ஆசிரியரைச் சம்பளம் கொடுத்து அமர்த்த ஏழைப் பெற்றோரால் முடியாது. தம்பிராஜா அவர்களுக்கோ பல்கலைக்கழக மாணவர்கள் அருகிலேயே இருந்தார்கள். அவர்களையே வார இறுதிகளில் ஆசிரியராக்கினார். பள்ளிக்கூடங்களிலும் ஆலய மண்டபங்களிலும் வகுப்புகள் நடந்தன. கட்டணம் பெயரளவுக்குத்தான். நேற்றுவரை இதே போன்ற வீட்டில், இதே போன்ற விளக்கின் கீழ் படித்து மேலேறிய ஓர் இளைஞன் கரும்பலகையின் முன் நிற்கும்போது, அவன் நடத்தும் கணிதத்தைவிட அவன் அங்கு நிற்பதே பெரிய பாடமாக இருந்தது. அவனிடம் படித்தவர்கள் பல்கலைக்கழகம் சென்றனர். அவர்களும் ஆசிரியராகத் திரும்பி வந்தனர். இந்தச் சங்கிலி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறுபடாமல் இருப்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். இதன்வழி பட்டம் பெற்றோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர்.

இரண்டாவது சிறப்பு, பெற்றோரை உள்ளே கொண்டுவந்தது. பத்துமலையில் ஆண்டுதோறும் நடக்கும் கல்வி யாத்திரையை வெளியிலிருந்து பார்ப்பவர் மற்றொரு திருவிழா என்று நினைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பள்ளியின் ஆசிரியர் அறை அச்சத்தைத் தரும். முருகன் சன்னிதி அச்சத்தைத் தராது. அங்கே பிள்ளையோடு நடந்து வந்து, இவன் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாய், வீட்டுக்குப் போனதும் தொலைக்காட்சியை நிறுத்தி வைப்பாள். பக்தியைப் படிப்புக்குத் துணையாக்கியது நல்ல உத்தி. கிறிஸ்தவ, இசுலாமியத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வழி எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி நியாயமானதே. தோட்டப்புறத்தில் தேவாலயத் தமிழரும் இருந்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது.

குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தேர்வை மையமாகக் கொண்ட உதவி, தேர்வு எழுதும் பிள்ளைக்குத்தான் போய்ச் சேரும். வார இறுதி வகுப்புக்கு வருபவன் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவன். மூன்றாம் படிவத்திலேயே பள்ளியை விட்டவனை எந்த வகுப்பு தேடிப் போகும்? 1990களிலிருந்து தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. வேலைக்கு அயல்நாட்டார் வந்தனர். நம் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. தோட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஒருவன் தவறு செய்தால் கேட்க நான்கு பெரியவர்கள் இருந்தார்கள். பட்டணத்து அடுக்குமாடியில் அந்தக் காவல் இல்லை. படிப்பை விட்ட சிறுவன் குண்டர் கும்பலின் கையில் எளிதில் சிக்கினான். இத்தகைய இளைஞர்களுக்காகவே 2011இல் மைஸ்கில்ஸ் அறவாரியம் தோன்றியது. வழக்கறிஞர் சி. பசுபதி அவர்கள் முன்னின்று தொடங்கிய அவ்வமைப்பு, நம் வட சிலாங்கூரிலேயே, உலுசிலாங்கூர் களும்பாங்கில் இளையோரைத் தங்கவைத்துக் கைத்தொழிலும் ஒழுக்கமும் கற்பிக்கிறது. சான்றிதழ் இல்லாதவனையும் மாணவன் என்று அழைத்ததே அது செய்த முதல் உதவி.

இப்போது யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பி.தி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டுவிட்டன. தனிப்பயிற்சி நிலையங்களின் பழைய கால அட்டவணை இவ்விரு தேர்வுகளையும் சுற்றியே பின்னப்பட்டிருந்தது. ஐந்தாம் படிவம்வரை பொதுத் தேர்வே இல்லாத மாணவன் பின்தங்குவது வெளியே தெரிவதற்குள் பதினேழு வயதாகிவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே ஆறாம் ஆண்டைக் கடக்கும் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க, அறநிலையங்கள் முதலாம் ஆண்டு வகுப்பறைக்கே வர வேண்டியிருக்கும். தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவதைக் காட்டிலும் இது கடினமான வேலை. செய்தித்தாளில் நிழற்படம் வராத வேலை.

கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் போன்ற வட்டாரங்களில் மற்றொரு சங்கடமும் உண்டு. நூறு மாணவர் திரளும் இடத்தில் வகுப்புத் தொடங்குவது எளிது. பல்கலைக்கழக மாணவன் கோலாலம்பூரிலிருந்து நூறு கிலோமீட்டர் வந்து போவதற்கும் பொருள் இருக்கும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்றது. பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் இன்று நாட்டில் இருக்கின்றன. ஏழு பேரும் எட்டுப் பேரும் உள்ள அத்தகைய பள்ளிகளுக்கு எந்த அமைப்பும் வார இறுதி வகுப்புக்கு ஆள் அனுப்பக் கட்டுப்படியாகாது. அங்கெல்லாம் பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு, பின்பு தம் காரிலேயே வீட்டில் விட்டுவிட்டுப் போவது அந்தப் பள்ளியின் ஆசிரியர்தாம்.