பாணும் பிணையும்

கிறித்தவர் நாள்தோறும் சொல்லும் கர்த்தருடைய செபத்தில், புரட்டஸ்தாந்தத் தமிழ் மொழிபெயர்ப்பு பாவம் என்னாது கடன் என்றே கூறுகின்றது. ஜேர்மன் மொழியிலோ குற்றத்தையும் கடனையும் குறிப்பதற்கு ஒரே சொல்தான் உண்டு. அச்சொல்லைத் தேவாலயத்தில் உச்சரித்தோர் எண்ணிறந்தோர். கணக்கேட்டில் எழுதிப் பார்க்க முனைந்தோர் மிகச் சிலர். பிரெடெறிக் வில்ஹெல்ம் றைபைசன் (1818–1888) அச்சிலருள் ஒருவர்.

1846 ஆம் ஆண்டின் இறுதி. ஐரோப்பாவெங்கும் உருளைக்கிழங்கு நோயினால் அழுகிவிட்டது. தானிய விளைச்சலும் பொய்த்துவிட்டது. றைன் நதிக்கு அப்பாலுள்ள வெஸ்டர்வால்ட் மேட்டுநிலத்தில், வையர்புஷ் வட்டாரத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த றைபைசனுக்கு அப்பொழுது வயது 28. பிரஷ்ய அரசு பஞ்ச நிவாரணமாகத் தானியம் அனுப்பியது. ரொக்கத்துக்கே கொடுக்கவேண்டும் என்ற கட்டளையும் கூடவே வந்தது. கையிலே காசு இருப்பவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்பதை மேலதிகாரிகள் சிந்தித்ததாகத் தெரியவில்லை. இளந்தலைவர் கட்டளையை மீறினார். தானியத்தைக் கடனாகக் கொடுத்தார். வசதியுள்ளோரிடம் பணம் திரட்டிப் பாண் சங்கம் ஒன்றை அமைத்தார். ஊருக்குப் பொதுவான போறணை எழுந்தது. பாண் சந்தை விலையிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது.

பள்ளிப் பாடநூலாயின் கதை இங்கே முடிந்துவிடும். பக்தியுள்ள அதிகாரி, பசிதீர்ந்த மக்கள், சுபம். ஆனால் பஞ்சம் போன பின்னரும் கடன் போகவில்லை. பரம்பரைக் காணி மக்களுக்கிடையே மீண்டும் மீண்டும் துண்டாடப்பட்ட பிரதேசம் அது. வரியோ பணமாகவே கேட்கப்பட்டது. விதைக்கும் மாட்டுக்கும் விவசாயி வியாபாரியிடமே செல்லவேண்டியிருந்தது. வியாபாரி தன் பசுவை விவசாயியின் தொழுவத்தில் கட்டுவான். விவசாயி தீனி போடுவான். பசு கொழுத்ததும் அது வியாபாரியுடன் போய்விடும், கன்றிலும் அவனுக்குப் பங்குண்டு. இவ்வேற்பாட்டை உதவி என்றே அழைத்தனர்!

1849 இல் பிளாமர்ஸ்பெல்ட் என்ற ஊரில் றைபைசன் இரண்டாவது முயற்சியில் இறங்கினார். வசதி படைத்தோர் ஏறத்தாழ 60 பேர் ஒன்றுசேர்ந்து பிணை நின்று, ஏழை விவசாயிகள் மாடு வாங்கித் தவணையில் கடனடைக்க வழிசெய்தனர். 1854 இல் ஹெடெஸ்டோர்பில் தருமச் சங்கம் அமைத்தார். கைவிடப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பு, சிறை மீண்டோருக்கு வேலை, நூல்நிலையம் என அதன் நோக்கங்கள் பலவாயிருந்தன. சில ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. கடன் கொடுக்கும் பணி மட்டும் எஞ்சியது. செல்வந்தரின் உற்சாகமும் தேய்ந்தது. தாம் கடன் பெறாத சங்கத்துக்குத் தம் சொத்து முழுவதையும் பிணையாக வைத்திருக்க எத்தனை நாளைக்கு ஒருவர் சம்மதிப்பார்? அவர்கள் கொடியவர்கள் என்பதன்று; அவர்களுடைய அன்பு அவர்களுடைய நலனோடு பொருந்தவில்லை, அவ்வளவே.

1864 இல் நிகழ்ந்த மாற்றமே இவ்வரலாற்றின் உயிர்நாடி. ஹெடெஸ்டோர்பின் புதிய கடன் சங்கத்தில், கடன் பெறுவோர் யாவரும் அங்கத்தவராதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. கொடுப்பவன், பெறுபவன் என்ற பிரிவு அங்கே கலைந்தது. ஆழ்ந்த கிறித்தவராகிய றைபைசன் மனமுவந்து இம்முடிவுக்கு வரவில்லை. செல்வரின் அயலன்பே ஏழையை மீட்கும் என அவர் நெடுங்காலம் நம்பியிருந்தார். அனுபவம் அந்நம்பிக்கையை உடைத்தது.

எனினும் அவர் தம் சமயத்தை விதிகளினூடே கொண்டுவந்தார். ஒரு பங்கு ஊர் அளவுக்குள் சங்கம் அடங்கவேண்டும். ஒருவன் கடனுக்கு அனைவரும் வரையறையின்றிப் பொறுப்பாவர். கணக்காளர் தவிர எவருக்கும் சம்பளமில்லை. இலாபம் பங்கிடப்படாது பொது நிதியில் சேரும். தாராளவாதியான ஷூல்ட்சே-டெலிச் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பங்குப் பணமும் இலாபப் பங்கும் குறுகிய தவணையுமே ஒழுங்கான வங்கிமுறை என்றார். நகரத்துக் கைவினைஞருக்கு அது பொருந்தியிருக்கலாம். மூன்று மாதத்தில் கன்று பசுவாவதில்லை என்பதை றைபைசன் அறிந்திருந்தார்.

இவரைப் புனிதராக்குவது நம் வேலையன்று. ஒரு துண்டுக் காணியேனும் உள்ளவனுக்கே சங்கத்தின் கதவு எளிதில் திறந்தது. காணியற்ற கூலிக்காரனுக்காக யார் வரையறையற்ற பிணை நிற்பார்? எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், கடன் கேட்பவனின் நடத்தையை அயலவர் எடைபோட்டனர். அதனால் நாணயமும் வளர்ந்தது, ஊர்க்கட்டுப்பாடும் இறுகியது. வட்டிக்காரன் என்றால் யூதன் எனப் பழிக்கும் வழக்கம் அவ்வியக்கத்தின் பேச்சிலும் எழுத்திலும் புகுந்தது. வட்டியைப் பிறப்பிக்கும் பொருளாதார அமைப்பு அதனால் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

இதற்கும் நமக்கும் தொடர்புண்டு. சென்னை அரசின் அதிகாரி பிரெடெறிக் நிக்கல்சன் ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராய்ந்து 1895, 1897 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெரும் அறிக்கையின் சாரம், இந்தியாவும் தனக்கொரு றைபைசனைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதே. 1904 இல் இந்தியாவில் சட்டம் வந்தது. 1911 இல் இலங்கையில் வந்தது. ஐக்கிய நாணய சங்கம் என்ற பெயர் நம் கிராமங்களில் புழங்கலாயிற்று. ஆயின் ஜேர்மன் கிராமத்தில் முதலில் சங்கம் தோன்றியது, சட்டம் பின்னர் வந்தது. இங்கே முதலில் சட்டம் வந்தது, பதிவாளர் வந்தார், படிவங்கள் வந்தன. அதன் பின்னரே மக்கள் வந்தனர்.

2022 இன் நெருக்கடியின்போது நம் நாட்டில் திருச்சபையினர் சிலர் பொதுச் சமையற்கூடங்கள் நடத்தினர். பசித்தவனுக்கு அது சோறு. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவ்வாண்டில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, போறணைக்குப் பிறகு கடன் சங்கம் அமைக்க அவர்களுக்குப் 18 வருடம் ஏன் சென்றது?” என்று கேட்டாள். செல்வந்தர் களைத்துப்போக அவ்வளவு காலம் பிடித்தது என்றேன். அன்று காலையில்தான் தாயின் தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டு வந்திருந்தாள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.